மனசு கேட்டது, கணக்கு கொடுத்தது

திருத்தணி தமிழகத்துக்கு வந்த வரலாறு, நாம் முடிவெடுக்கும் விதத்தைப் பற்றிச் சொல்லும் பாடம்

மாவட்டத்தை அளவாக வைத்தால் திருத்தணி ஆந்திரத்துக்குப் போக வேண்டும். கிராமத்தை அளவாக வைத்தால் தமிழகத்துக்கு வர வேண்டும். இரண்டுமே கணக்குதான், இரண்டிலும் கூட்டல் பிழை கிடையாது. அன்றைய சித்தூர் மாவட்டத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால் தெலுங்கு பேசியவர்கள் அதிகம். அதே மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தை ஊர் ஊராக எண்ணிக்கொண்டு போனால், தமிழ் பேசியவர்கள் அதிகம் இருந்த ஊர்கள் வரிசையாக வரும். இதில் எந்தக் கணக்கைப் போடுவது? அதற்கு எந்தக் கணக்கிலும் விடை கிடையாது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த மண்ணின் மேல் அக்கறை இருக்கிற மனிதர்கள்தான் சொல்வார்கள்.

‘உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்காதே’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அலுவலகத்தில் மேலதிகாரி சொல்கிறார். யூடியூபில் பங்குச்சந்தை பாடம் எடுப்பவர்களும் சொல்கிறார்கள். அறிவு ஒரு பக்கம், உணர்ச்சி மறுபக்கம், அறிவு ஜெயித்தால் நல்ல முடிவு என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. 1950களில் வட எல்லையில் நடந்ததை நிதானமாகப் படித்துப் பார்த்தால் இந்தக் கணிப்பு பொருந்தவில்லை. உணர்ச்சியைக் காதில் வாங்காத அறிவு அங்கே ஓர் உயிரைப் பறிகொடுத்தது. அறிவின் துணை கிடைக்காத உணர்ச்சி தெருவில் கலவரமாக வெடித்தது. இரண்டும் அதனதன் வேலையைச் செய்தபோதுதான், இன்றுவரை நிற்கிற ஓர் எல்லைக்கோடு கிடைத்தது.

வெள்ளைக்காரர் போட்ட கோடு

1911இல் ஆங்கிலேய அரசு வட ஆற்காடு மாவட்டத்தின் வடபகுதியைப் பிரித்து, கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளிப் பக்கத்தையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியது. திருப்பதி, சித்தூர், புத்தூர், திருத்தணி எல்லாம் ஒரே கலெக்டரின் கீழ் வந்தன. அது நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு. யார் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று பார்த்துப் போட்டதல்ல.

அன்று அதனால் யாருக்கும் பெரிய சங்கடமும் இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சென்னை மாகாணம். திருத்தணிக்காரருக்கு ரயில் மாற அரக்கோணம், சாமி கும்பிடத் திருப்பதி, கலெக்டர் ஆபீஸுக்குச் சித்தூர். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் புழங்கின. வீட்டில் ஒன்று, கடைவீதியில் இன்னொன்று என்று பேசிய குடும்பங்கள் நிறைய. மொழிவாரி மாநிலம் என்ற பேச்சு வலுத்தபோதுதான் அந்தக் கோட்டுக்கு உயிர் வந்தது.

அசைய மாட்டேன் என்ற அறிவு

சுதந்திரம் கிடைத்த கையோடு மொழிவாரி மாநிலக் கோரிக்கையை ஆராய தார் ஆணையம் அமைக்கப்பட்டது. நாடு அப்போதுதான் பிரிவினையின் ரத்தத்தைப் பார்த்திருந்தது. மொழியின் பேரால் மேலும் துண்டாடுவது ஆபத்து என்று 1948 டிசம்பரில் ஆணையம் சொல்லிவிட்டது. அடுத்து காங்கிரஸ் அமைத்த குழுவில் நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவரும் இருந்தார்கள். 1949இல் அவர்கள் கொடுத்த அறிக்கையும் தயக்கம் நிறைந்ததுதான். ஆனால் அதில் ஒரு வாசல் திறந்திருந்தது. மக்களின் உணர்ச்சி விடாப்பிடியாகவும் பெருவாரியாகவும் இருந்தால், ஜனநாயகவாதிகளான நாங்கள் நாட்டின் நலனுக்கு உட்பட்டு அதற்குப் பணிய வேண்டும் என்ற கருத்து அதில் பதிவாகியிருக்கிறது. சென்னை நகரத்தின் மீதான உரிமையைத் தெலுங்கர்கள் விட்டுக்கொடுத்தால் ஆந்திர மாகாணம் அமைக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

ஆக, உணர்ச்சியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது தலைவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதை எப்போது, எப்படி அளப்பது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

1952 அக்டோபர் 19 அன்று பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னை மயிலாப்பூரில், புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கினார். வாரங்கள் ஓடின. தந்திகள் பறந்தன. டிசம்பர் 3 அன்று நேரு முதலமைச்சர் ராஜாஜிக்கு எழுதிய கடிதத்தில், இந்த உண்ணாவிரதம் தம்மைச் சற்றும் அசைக்கவில்லை, இதை முழுமையாகப் புறக்கணிக்கப் போகிறேன் என்று குறிப்பிட்டார். பிரதமர் என்ற நிலையில் அதற்கு நியாயமும் உண்டு. ஒருவர் பட்டினி கிடந்தால் மாநிலம் கொடுப்பது என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? ஆனால் ஒன்பதே நாளில் அவர் மனம் மாறியது. ஆந்திரக் கோரிக்கையை ஏற்கும் வேளை வந்துவிட்டது என்று டிசம்பர் 12 அன்று ராஜாஜிக்கே எழுதினார். அந்த மாற்றம் அறிவிப்பாக வெளிவரும் முன், டிசம்பர் 15 இரவு ஸ்ரீராமுலு இறந்துபோனார். தெலுங்கு மாவட்டங்களில் ரயில் நிலையங்கள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. டிசம்பர் 19 அன்று ஆந்திர மாநிலம் அறிவிக்கப்பட்டது.

டிசம்பர் 3க்கும் 12க்கும் இடையில் மொழிக் கணக்கெடுப்பு மாறவில்லை, வரவு செலவுத் திட்டம் மாறவில்லை, வரைபடமும் மாறவில்லை. மக்கள் இதை எவ்வளவு ஆழமாக நினைக்கிறார்கள் என்ற ஒரே செய்திதான் புதிதாக வந்து சேர்ந்தது. அதுவும் ஒரு தகவல்தான். அதைத் தகவலாகவே மதித்து முன்கூட்டிக் கேட்டிருந்தால் ஓர் உயிரும், அதன் பின்னால் போன உயிர்களும் மிஞ்சியிருக்கும்.

வேங்கடத்தை விடமாட்டோம்

அறிவிப்பில் சர்ச்சைக்கு இடமில்லாத தெலுங்குப் பகுதிகள் என்ற சொற்கள் இருந்தன. சென்னை நகரம் யாருக்கு என்ற மோதல் அதையொட்டி உச்சத்துக்குப் போனது. ஒரு பக்கம் ‘மதராஸ் மனதே’ (சென்னை நமதே) என்ற தெலுங்கு முழக்கம், மறுபக்கம் தமிழர் தரப்பில் ம.பொ.சி.யின் ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’. 1953 மார்ச் 25 அன்று நேரு நாடாளுமன்றத்தில் பேசியபோது சென்னை தமிழர் பக்கம் நிற்பது உறுதியானது. ஆனால் அக்டோபர் 1 அன்று கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுதாக அதனுடன் போனது. திருத்தணியும் போனது.

இந்த இடத்தில்தான் ம.பொ.சி. என்கிற ம.பொ.சிவஞானத்தைக் கவனிக்க வேண்டும். 1906இல் சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியையே தாண்டாதவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்து வாழ்க்கையை ஓட்டியவர். 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். தமிழகத்தின் வட எல்லை வேங்கடம், அதாவது திருப்பதி மலை என்று இலக்கியம் சொல்வதை மேடைதோறும் எடுத்துச் சொன்னார். ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்பது அவருடைய முழக்கம். எல்லைப்புற ஊர்களில் அவருக்கு முன்பே ஆசிரியர் மங்கலங்கிழார் தமிழ் கற்பித்து நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தார். திருத்தணியின் கே. விநாயகம் களத்தில் நின்றார். மறியல், கடையடைப்பு, சிறை என்று போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது.

இந்த உணர்ச்சி என்ன சாதித்தது? திருத்தணியைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. முழக்கத்தால் எல்லைக்கல் நகராது. ஆனால் ‘சர்ச்சைக்கு இடமில்லாத பகுதி’ என்ற பட்டியலில் இருந்து திருத்தணியை வெளியே எடுத்தது. இது முடிந்துபோன விஷயம் இல்லை, இன்னும் கேட்க வேண்டிய கேள்வி என்று இரு அரசுகளையும் தில்லியையும் ஒப்புக்கொள்ள வைத்தது. அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருந்திருந்தால் அதிகாரிகளின் கோப்பில் சித்தூர் மாவட்டம் ஒரே வரியாக இருந்திருக்கும். அந்த வரியைத் திரும்பப் படிக்க வைத்தது மனசு.

படாஸ்கர் போட்ட கணக்கு

1956இல் இரு மாநில அரசுகளும் ஒரு நடுவரை ஒப்புக்கொண்டன. ஹரி விநாயக் படாஸ்கர். மத்திய அமைச்சராக இருந்தவர், சட்டம் தெரிந்தவர். மகாராஷ்டிரத்துக்காரர், தமிழோ தெலுங்கோ அவருடைய தாய்மொழி அல்ல. திருத்தணிக்கு வேண்டிய நிதானமான அறிவு இப்படி வெளியிலிருந்து வந்தது.

அவர் எடுத்த முதல் முடிவே எல்லாவற்றையும் தீர்மானித்தது: கிராமம்தான் அலகு. எந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுகிறவர்கள் பெரும்பான்மையோ அந்தக் கிராமம் அந்த மாநிலத்துக்கு. ஒரு நிபந்தனை: அந்தக் கிராமம் தன் மொழி மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் தீவு போல ஒரு தமிழ்க் கிராமமோ தெலுங்குக் கிராமமோ நிற்க முடியாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் புரியும். 1955இல் அறிக்கை கொடுத்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் பெரும்பாலும் மாவட்டத்தையே அலகாக எடுத்தது. தெற்கே திருவிதாங்கூரில் தாலுகா அளவுக்கு இறங்கி, குமரியின் நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் தமிழகத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அங்கே மொழி எண்ணிக்கைக்கு மேலாக வேறு காரணங்கள் வைக்கப்பட்டன. பெல்காம் விவகாரத்தில் மகாராஷ்டிரம் இன்றுவரை கிராமத்தை அலகாக வைக்கச் சொல்கிறது, கர்நாடகம் ஏற்கவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. நாட்டின் எல்லைச் சண்டைகளில் முக்கால்வாசி, எண்களைப் பற்றிய சண்டை இல்லை. எதை எண்ணுவது என்பதைப் பற்றிய சண்டை.

படாஸ்கரின் பரிந்துரைகள் ஆந்திரப் பிரதேசம்–சென்னை எல்லை மாற்றச் சட்டமாக 1959இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டுச் சுற்றுவட்டாரமும் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தன. இன்று அவை திருவள்ளூர் மாவட்டம்.

கொடுத்தால்தான் கணக்கு நேராகும்

வந்ததைக் கொண்டாடுகிறோம். போனதையும் சொல்ல வேண்டும். அதே விதியின்படி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. திருப்பதி வரவேயில்லை. வேங்கடத்துக்காகக் களத்தில் இறங்கிய இயக்கம் தணிகையோடு திரும்ப வேண்டியிருந்தது.

பெற்றதோடு இழந்ததையும் ஏற்பது மனித மனத்துக்கு எவ்வளவு கடினம் என்பதை உளவியல் அளந்து காட்டியிருக்கிறது. டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: ஒரே அளவு லாபம் தரும் சந்தோஷத்தை விட, அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது. நூறு ரூபாய் கிடைத்ததை மாலைக்குள் மறந்துவிடுவோம். தொலைத்த நூறு ரூபாய் ராத்திரி தூங்கவிடாது. கானமனுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த ஆய்வும் அடிப்படை. ஊர்களை மாற்றிக்கொள்ளும் எந்த உடன்படிக்கையிலும் இரு தரப்புக்குமே தாங்கள் தோற்றதாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். வந்த ஊரை விட, போன ஊரின் பெயர்தான் நெஞ்சில் குத்தும்.

இந்த வலியைத் தாங்க வைப்பது விதியின் பொதுத்தன்மை. ‘எனக்குத் திருத்தணியைக் கொடுத்த அதே விதிதான் உனக்குச் சத்தியவேட்டைக் கொடுத்தது’ என்று இரு பக்கமும் சொல்ல முடிந்தது. உணர்ச்சியால் அந்த வேலையைச் செய்ய முடியாது. அது தன் இழப்பை மட்டுமே பார்க்கும். எதிராளியின் இழப்பையும் அதே தராசில் வைத்துக் காட்டுவது அறிவின் வேலை.

அறிவு மட்டும் மிஞ்சிய மனிதர்

அப்படியானால் எல்லாவற்றையும் கணக்கிடமே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ கவனித்த ஒரு நோயாளியின் கதை இதற்குப் பதில். 1994இல் வெளியான தன் நூலில் ‘எலியட்’ என்ற புனைபெயரில் அவரைப் பற்றி எழுதினார். மூளையின் முன்பகுதியில் கட்டி; அறுவை சிகிச்சையில் கட்டியோடு அந்தப் பகுதித் திசுவும் போயிற்று. நினைவாற்றல் அப்படியே இருந்தது. பேச்சு, கணக்கு, அறிவுத்திறன் சோதனை எதிலும் குறையில்லை. போனது ஒன்றுதான்: எதைப் பார்த்தாலும் உள்ளே எதுவும் அசையவில்லை.

அறிவே தெய்வம் என்றால் அவர் அதன்பின் பிரமாதமாக வாழ்ந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். ஆபீஸில் ஒரு காகிதக் கட்டைத் தேதிப்படி அடுக்குவதா, விஷயப்படி அடுக்குவதா என்று யோசிப்பதிலேயே பொழுது போனது. வேலை போனது, சேமிப்பு கரைந்தது, திருமணம் முறிந்தது. இதே வகைப் பாதிப்புள்ள இன்னொரு நோயாளியிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் டமாசியோ. அவர் காலண்டரைப் பார்த்து, மற்ற வேலைகள், வானிலை என்று ஒவ்வொரு தேதிக்கும் சாதக பாதகங்களை அரை மணி நேரம் போல அடுக்கினார். கடைசியில் டமாசியோவே ‘இரண்டாவது தேதியில் வாருங்கள்’ என்றதும், ‘சரி’ என்று எழுந்து போனார். காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தக் காரணம் தனக்கு முக்கியம் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை.

அரசாங்கக் கோப்புகளுக்கும் இந்த நோய் வருவதுண்டு. எல்லாத் தரவும் இருக்கும். எது முக்கியம் என்ற உணர்வு மட்டும் இருக்காது. அப்போது முக்கியமானது எது என்று சொல்ல மக்கள் தெருவுக்கு வருகிறார்கள்.

தணிகை பெற்ற தத்துவ ஞானி

மனசுக்கும் அறிவுக்கும் உள்ள இந்த உறவை ஆயுள் முழுக்கச் சிந்தித்த ஒருவர் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியிலேயே தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார் என்பது நமக்குக் கிடைத்த பேறு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1932இல் வெளியான ‘ஆன் ஐடியலிஸ்ட் வியூ ஆஃப் லைஃப்’ என்ற நூலில், உள்ளுணர்வு அறிவுக்குப் பகை இல்லை, அறிவு போய் முடிகிற இடத்தில் அது தொடர்கிறது, ஆனால் அறிவின் சோதனையில் இருந்து தப்பிக்க அதற்கு உரிமை இல்லை என்ற நிலையை அவர் வாதிட்டு நிறுவினார். 1960 ஏப்ரலில் அவர் பிறந்த ஊர் மாநிலம் மாறியபோது அவர் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர். தெலுங்கு பேசிய வீட்டில் பிறந்தவரின் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதும் ஊருக்குள் யார் வாழலாம் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். திருத்தணி அவற்றைக் குழப்பிக்கொள்ளவில்லை.

இன்றும் ஊருக்குள் போனால் அது தெரியும். பேருந்து நிலையத்தில் தமிழ்நாட்டு வண்டிகளோடு ஆந்திர அரசு வண்டிகளும் நிற்கின்றன. நகரி, புத்தூர், திருப்பதி என்று ஊர்ப்பெயர்கள் இரண்டு மொழி வாடையிலும் காதில் விழுகின்றன. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி தூக்கி வருகிறவர்களில் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் திரளாக இருக்கிறார்கள். சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பது இத்தலத்தின் ஐதிகம். அதனால் கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, மலர் அர்ச்சனைதான். 365 படிகளுக்கும் பூசை செய்து பாடி ஏறும் டிசம்பர் 31 படித் திருவிழா, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் தொடங்கிவைத்தது. புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து வணங்கப் போன கூட்டத்தை, முதலில் தணிகேசனைப் பார்க்க வாருங்கள் என்று அவர் திருப்பினார். மரியாதை செய்ய வேண்டும் என்ற மக்களின் மனசை அவர் தடுக்கவில்லை. அது போக வேண்டிய திசையை மாற்றினார். உணர்ச்சியைக் கையாளத் தெரிந்தவர்கள் செய்வது இதுதான்.

நம் வீட்டுப் பாகப்பிரிவினை

இது மாநிலங்களுக்கு மட்டுமான பாடம் என்று நினைக்க வேண்டாம். பத்திர எழுத்தர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், பாகப்பிரிவினை எங்கே முறிகிறது என்று. அண்ணன் ‘அப்பா கட்டிய வீடு எனக்கு வேண்டும்’ என்பார். தம்பி ‘இன்றைய மார்க்கெட் விலைக்குச் சமமாக ரோட்டோர நிலம் கொடு’ என்பார். அக்கா எதுவும் சொல்லாமல் இருப்பார். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சென்ட் கணக்கு, கைடுலைன் மதிப்பு எல்லாம் சரியாக இருக்கும். பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். ஒவ்வொருவரும் வேறு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கணக்குத் தெரியாதவர் என்று நினைப்பதுதான் காரணம்.

அங்கே முதலில் கேட்க வேண்டியது, ‘உனக்கு இதில் எதை இழந்தால் தாங்காது?’ என்பது. அந்தக் கேள்விக்கு மனசுதான் பதில் சொல்லும். அதை வெட்கமில்லாமல் சொல்ல விட வேண்டும். அடுத்து, எல்லோருக்கும் பொருந்தும் ஓர் அளவை, யாருக்கு என்ன வரும் என்று பார்ப்பதற்கு முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும். வரும் விடையைப் பார்த்து அளவுகோலை மாற்றக் கூடாது. அண்ணனுக்கு வீடு என்றால், அதே அளவுகோலால் அவர் என்ன விடுகிறார் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது, முடிவுக்கு முன் செய்ய வேண்டிய இந்த வேலைகளுக்காகத்தான். வேலை மாறுவது, பிள்ளையின் படிப்பு, வயதான பெற்றோர் யாருடன் இருப்பது என்று எந்த முடிவுக்கும் இந்த வரிசை பொருந்தும். இதைத் தலைகீழாகச் செய்கிற வீடுகளில், மனசு ஏற்கெனவே முடிவெடுத்துவிட, அறிவு அதற்கு வக்காலத்து வாங்குகிறது. அறிவுக்கு அதை விட அவமானம் இல்லை.

கொசஸ்தலை ஆற்றில் அடுத்த கேள்வி

வட எல்லைக்கு இப்போது வந்திருப்பது நிலச் சண்டையல்ல, நீர்ச் சண்டை. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன, ஊர்கள் துண்டிக்கப்படுகின்றன. அந்தத் தண்ணீர் வரும் கொசஸ்தலை ஆறுதான் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வந்து சென்னையின் குடிநீராகிறது. அந்த ஆற்றின் குறுக்கே ஆந்திரம் மேலும் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டமிட்டபோது, 2022 ஆகஸ்டில் தமிழக முதல்வர் ஆட்சேபித்து ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். மேலே இருக்கிற விவசாயிக்கும் கீழே இருக்கிற விவசாயிக்கும் பயம் ஒன்றுதான்.

இதில் 1952 டிசம்பரின் தவறை மறுபடி செய்ய வேண்டாம். இரு பக்க ஊர்க்காரர்களின் பயத்தைப் பொறியாளர்களின் அறிக்கைக்கு முன்பே கேட்டுப் பதிவு செய்யுங்கள். எதை அளப்பது என்பதை, அதாவது அணையின் கொள்ளளவையா, கடைமடை ஊரின் கோடைக்காலக் கிணற்று மட்டத்தையா என்பதை, இரு அரசுகளும் சேர்ந்து முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் இரு மாநிலத்தையும் சாராத ஒருவரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வரும் விடையில் நமக்குப் போவதும் இருக்கும் என்று மக்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வருடக்கணக்கான போராட்டத்தில், உயிர்களைக் கொடுத்து, சிறைக்குப் போய் இந்த எல்லை கற்றுக்கொண்ட வழி இது. அதை மறந்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து தொடங்க நமக்கு உரிமை கிடையாது.